நிரல்களின் ஒண்டுக்குடித்தனம்

கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. அடைவைப் பட்டியலிட்டால் பெயர், அளவு, தேதி எல்லாம் தெரிகின்றன. இயக்குவதற்கான அனுமதியும் கொடுத்தாகிவிட்டது. பெயரைத் தட்டி என்டரை அழுத்தினால், அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை என்கிறது கணினி. மறுபடி பட்டியலிட்டால் இருக்கிறது. மறுபடி இயக்கினால் இல்லை. புதிதாக நிறுவிய 64 பிட் லினக்ஸில் இருபது வருடத்துக்கு முந்தைய 32 பிட் நிரலை ஓட்டிப் பார்த்தவர்கள் பலரும் இந்தக் கண்ணாமூச்சியில் மாட்டியிருப்பார்கள்.

இல்லாமல் போனது வேறொன்று. லினக்ஸ் நிரல்களில் பெரும்பாலானவை தனியாக ஓடுவதில்லை. தமக்கு வேண்டிய லைப்ரரிகளைத் தேடியெடுத்து நினைவகத்தில் பொருத்தித் தரும் ஏற்றியின் பெயரைத் தலைப்பகுதியில் எழுதிவைத்திருக்கின்றன. 32 பிட் இன்டெல் நிரல் என்றால் அந்த ஏற்றி எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.2. புதிய கணினியில் பெரும்பாலும் அது நிறுவப்பட்டிருக்காது. கர்னல் நிரலைத் திறக்கிறது, ஏற்றியின் பெயரைப் படிக்கிறது, தேடிப் போகிறது, வெறுங்கையோடு திரும்புகிறது. கட்டளை வாங்கிய ஷெல்லுக்குப் பெரும்பாலும் ஏற்றியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதற்குத் தெரிந்த ஒரே பெயர் நாம் தட்டிய பெயர். பழி நிரலின் தலையில் விழுகிறது.

பழைய நிரலைப் பற்றிய பேச்சை இங்கிருந்து தொடங்குவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. வட்டில் கிடக்கும் நிரலின் பைட்டுகள் மாறுவதில்லை. 1999-ல் தொகுத்தது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. அதோடு கூடவந்த ஆட்கள்தான் ஒவ்வொருவராக வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். ஆகவே அதைப் பத்திரமாக ஓட்டுவது எப்படி என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: அதற்கு வேண்டியவர்களை எங்கே குடிவைப்பது? வேண்டாதவர்கள் யாரும் அதனிடம் பேசாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? முதல் கேள்விக்கு விடை கிடைத்ததும் நிரல் ஓடிவிடும். ஓடிய சந்தோஷத்தில் இரண்டாவது கேள்வியை மறந்துவிடுவதுதான் வழக்கம்.

லினக்ஸ் கர்னல் இந்த விஷயத்தில் ஒரு பிடிவாதக்காரன். மேலே ஓடும் நிரல்களை உடைக்கக் கூடாது என்பது லினஸ் டோர்வால்ட்ஸின் முதல் விதி. 2012 டிசம்பரில், கர்னல் திருப்பி அனுப்பும் ஒரு பிழைக்குறி மாறியதால் ஒலி சம்பந்தப்பட்ட நிரல்கள் தடுமாறியபோது, பொறுப்பாளர் ஒருவரை ஊரறியத் திட்டித் தீர்த்தார். திட்டிய விதத்தை யாரும் மெச்ச வேண்டியதில்லை, விதியை மெச்சலாம். அந்த விதியின் புண்ணியத்தில்தான் இருபது வருடத்துக்கு முந்தைய நிரல் கேட்கும் கேள்விகள் இன்றைய கர்னலுக்கும் புரிகின்றன. 2022-ல் டாவிஸ் ஓர்மண்டி இன்னும் ஒருபடி மேலே போனார். 1990-ல் சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸுக்காக வந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் நிரலை, மூலநிரல் இல்லாமலே, அதன் இருமக் கோப்புகளின் வடிவத்தை மாற்றி இணைத்து நேரடியாக லினக்ஸில் ஓடவைத்தார். மென்பொருள்களில் ஓட்டை கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்ட பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் அவர். பழைய நிரலின் மேல் இவ்வளவு பாசம் வைப்பவர் அப்படிப்பட்ட ஆளாக இருப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

கர்னலின் வாக்குறுதிக்கும் அடிக்குறிப்பு உண்டு. யாராவது பயன்படுத்தும் வரைதான். லினக்ஸ் பிறந்ததே 386 சில்லுக்காக. 2012 இறுதியில் அதற்கான ஆதரவை நீக்கினார்கள். இன்றைய ஈஎல்எஃப் வடிவம் வருவதற்கு முன்பிருந்த ஏ.அவுட் என்ற நிரல் வடிவம் 2022-ல் போயிற்று. அழுதவர்கள் அதிகமில்லை.

கர்னலுக்கு மேலே இருக்கும் லைப்ரரிகளின் கதை வேறு. அவற்றில் மூத்தது ஜிலிப்சி. ஏறக்குறைய எல்லா நிரல்களும் கர்னலோடு பேசுவது அதன் வழியாகத்தான். 2010 இறுதியில் ஃபெடோரா 14-க்கு மாறியவர்களுக்கு ஃபிளாஷில் ஓடும் பாட்டு கரகரத்தது. காரணம் தேடிப் போனால் மெம்சிபிஒய் என்ற சின்னஞ்சிறு செயற்கூறில் போய் முடிந்தது. நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுப்பது அதன் வேலை. மூல இடமும் சேரும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது என்று ஆவணம் தெளிவாகச் சொல்கிறது. ஃபிளாஷ் அதை மதிக்கவில்லை. ஆனாலும் நகல் முன்னிருந்து பின்னாகப் போய்க்கொண்டிருந்த வரை தப்பு வெளியே தெரியவில்லை. வேகத்துக்காகச் சில சில்லுகளில் பின்னிருந்து முன்னாக நகலெடுக்கும்படி ஜிலிப்சியை மாற்றியதும் குட்டு உடைந்தது. சட்டம் ஜிலிப்சியின் பக்கம். பாட்டுக் கேட்பவருக்குச் சட்டம் எதற்கு என்ற பக்கம் டோர்வால்ட்ஸ் நின்றார்.

தீர்த்த விதம் எனக்குப் பிடித்தமானது. ஜிலிப்சி 2.14-ல் மெம்சிபிஒய்க்குப் புதிய பதிப்பு முத்திரை குத்தினார்கள். இனிமேல் தொகுக்கப்படும் நிரல்களுக்குப் புது வேகம். முந்தைய முத்திரையோடு வரும் 64 பிட் நிரல்களுக்கு மேற்படிந்தாலும் தாங்கிக்கொள்ளும் பழைய நிதானம். இன்றும் 2008-ல் தொகுத்த நிரலொன்று வந்து கேட்டால், எந்த வருடத்து ஆள் என்று பார்த்து அதற்கேற்ற கையால் நகலெடுத்துத் தருகிறது.

இந்தப் பொறுமை மற்ற லைப்ரரிகளிடம் கிடையாது. சாளரங்களும் பொத்தான்களும் வரையும் ஜிடிகே 1998-ல் முதல் பதிப்பு, 2002-ல் இரண்டு, 2011-ல் மூன்று, 2020 டிசம்பரில் நான்கு. ஒவ்வொரு தாவலிலும் பின்னே நின்றவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அது பிறந்ததே கிம்ப் என்ற படம் திருத்தும் நிரலுக்காக. பெயரிலேயே அந்த உறவு இருக்கிறது. அந்தக் கிம்ப் ஜிடிகே மூன்றுக்கு வந்துசேர்ந்தது 2025 மார்ச்சில். பிள்ளை நான்காம் பதிப்பாக ஊர்சுற்றிக்கொண்டிருக்க, பெற்றவர் இரண்டாம் பதிப்பிலேயே உட்கார்ந்திருந்தார். கேடிஇ 3 என்ற திரைச்சூழலை விட மனமில்லாதவர்கள் டிரினிட்டி என்றும், குனோம் 2-ஐ விடாதவர்கள் மாட்டே என்றும், அமரோக் 1.4-ல் பாட்டுக் கேட்டுப் பழகியவர்கள் கிளமென்டைன் என்றும் தனிக்குடித்தனம் போனார்கள். புதியதை வேண்டாம் என்றவர்கள் பழையதைச் சுமக்கும் வேலையையும் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். அந்த நேர்மை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. நம்மில் பலருக்கும் வேண்டியது, சுமக்காமலே பழைய நிரல் ஓட வேண்டும் என்பதுதான்.

அதற்கு முதலில் கைக்கு வருவது குறுக்குவழி. நிரல் ஒரு லைப்ரரியின் பழைய எண்ணைக் கேட்கிறது. கணினியில் புது எண் இருக்கிறது. பழைய பெயரில் ஒரு இணைப்பைப் போட்டுப் புதியதைக் காட்டிவிட்டால் என்ன? போடலாம். சில வேளை ஓடவும் செய்யும். அதுதான் இதிலுள்ள கேடு. லைப்ரரியின் பெயரிலுள்ள எண் அலங்காரத்துக்கு வைத்ததில்லை. உள்ளே இருக்கும் அமைப்பு மாறிவிட்டது, பழைய கணக்கோடு வராதே என்று எழுதி ஒட்டிய அறிவிப்பு அது. எட்டாவது பைட்டில் நீளம் இருக்கும் என்று நம்பி வரும் நிரலுக்கு, அங்கே இப்போது ஒரு முகவரி இருக்கிறது. முகவரியை நீளமாக எடுத்துக்கொண்டு படிக்கத் தொடங்கும். உடனே விழுந்தால் நல்லகாலம். விழாமல் ஓடினால், எங்கே எதை எழுதியது என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த குறுக்குவழி இதைவிட மோசம். பழைய டெபியன் பதிப்பின் களஞ்சியத்தை ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் பட்டியலில் சேர்ப்பது. டெபியனில் பழைய பதிப்புகள் ஆவணக்காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. 2005-க்குப் பிறகு வந்த பேக்கேஜ்களை ஸ்னாப்ஷாட் என்ற சேமிப்பகத்தில் தேதி சொல்லியே எடுக்கலாம். இப்படி ஒரு வசதி இருப்பது பெரிய கொடை. ஆனால் பட்டியலில் சேர்த்ததும், பேக்கேஜ்களை நிறுவும் ஏபிடி முறைக்கும். பட்டியலுக்குக் குறித்த காலக்கெடு முடிந்திருக்கும், கையெழுத்துச் சாவியும் காலாவதி. உள்ளே போக வேண்டுமானால் சரிபார்ப்பை அணைக்க வேண்டும். ஓடும் கணினியில் அதை அணைப்பது, ஒரு பழைய பேக்கேஜுக்காக வாசல் கதவைக் கழற்றி வைப்பது. பிறகு ஒன்று இன்னொன்றை இழுக்க, அது வேறொன்றைக் கீழிறக்க, பாதிக் கணினி ஒரு வருடத்திலும் மீதி இன்னொரு வருடத்திலும் நிற்கும். டெபியன்காரர்கள் இதற்கு ஃபிராங்கன்டெபியன் என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: டெப் பேக்கேஜை நிறுவும்போது அதற்குள் இருக்கும் நிறுவல் நிரல்துண்டுகள் ரூட் அதிகாரத்தோடு ஓடுகின்றன. எங்கிருந்தோ எடுத்த பழைய பேக்கேஜை நிறுவுவது என்பது முகம் தெரியாத ஒருவருக்கு ரூட் கொடுப்பதுதான். நிறுவாமல், டிபிகேஜி-டெப் கொண்டு ஒரு தனி அடைவில் வெறுமனே பிரித்து வைக்கலாம். எந்த நிரல்துண்டும் ஓடாது. அதேபோல, ஒரு நிரலுக்கு எந்தெந்த லைப்ரரிகள் வேண்டும் என்று பார்க்க எல்லாரும் எல்டிடி கட்டளையைத் தட்டுகிறார்கள். சில சூழ்நிலைகளில் எல்டிடி அந்த நிரலையே ஓட்டிவிடக்கூடும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. நம்பிக்கையில்லாத நிரலுக்கு ரீட்எல்ஃப் போதும். அது படிக்க மட்டுமே செய்யும்.

பழையது என்றாலே ஆபத்து என்று பாதுகாப்புத் துறையில் ஒரு பேச்சு உண்டு. நான் அதைப் பாதிதான் ஏற்கிறேன். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் வெளிவந்து உலகமே சான்றிதழ்களை மாற்றிக்கொண்டு ஓடியபோது, ஓட்டை இருந்தது வலைத்தொடர்புகளை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் 1.0.1 வரிசையில். 2012-ல் வந்த சரக்கு. 0.9.8-லேயே தேங்கிக் கிடந்த சோம்பேறிகள் அந்தப் புயலில் நனையவே இல்லை. அதே வருடம் செப்டம்பரில் ஷெல்ஷாக் வந்தது. பேஷ் ஷெல்லுக்குள் 1989-லிருந்தே ஒளிந்திருந்த பிழை. கால் நூற்றாண்டு யார் கண்ணிலும் படவில்லை. வயதைப் பார்த்து ஓட்டையைக் கணிக்க முடியாது என்பதற்கு ஒரே வருடத்தில் இருபுறச் சாட்சி. வித்தியாசம் மறுநாள் காலையில் தெரியும். பராமரிப்பில் இருக்கும் மென்பொருளுக்குத் திருத்தம் வந்துவிடும். கைவிடப்பட்டதற்கு வராது, இனி எப்போதும் வராது. ஓட்டை கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள், அடைப்பவர்கள்தான் இல்லை என்பதே பழைய மென்பொருளின் நிலைமை. எனவே கவனம் செலுத்த வேண்டியது நிரல் எதைத் தின்கிறது என்பதில். நானே எழுதிய கோப்பை மட்டும் திறக்கும் பழைய கணக்கு நிரல் எனக்கு ஒரு கெடுதலும் செய்யாது. மின்னஞ்சலில் வந்த படத்தை அதே வயதுள்ள பட நிரலில் திறந்தால் கதை வேறு.

வலையைப் பொறுத்தவரை பழைய நிரல்களுக்குத் தானாகவே ஒரு ஊர்விலக்கம் நடந்துவருகிறது. 2021 செப்டம்பர் 30 அன்று டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற வேர்ச் சான்றிதழ் காலாவதியானது. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்களைச் சரிபார்க்க அதை நம்பியிருந்த பழைய கருவிகள் அன்று பல தளங்களை இழந்தன. ஓபன்எஸ்எஸ்எல் 1.0.2-ல் புதிய வேர்ச் சான்றிதழை வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் சிக்கல் வந்தது. பழைய வேர் வரை போகும் பாதையைத்தான் அது முதலில் பிடித்துக்கொண்டது. சரிபார்ப்பை அணைத்துவிட்டால் தளம் திறக்கிறதே என்று அப்போது பரிகாரம் சொன்னவர்கள் நிறையப் பேர். அந்த விலக்கத்தை நிரலின் நன்மைக்காகவே நடந்ததாக எடுத்துக்கொண்டு வலையை முழுதாக வெட்டிவிடுவதுதான் என் வழி.

இனி குடியிருப்பு. மிகப் பழைய ஏற்பாடு சிரூட். 1979-ல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்தது. ஓர் அடைவைக் காட்டி, இதுதான் உன் உலகத்தின் வேர் என்று நிரலை நம்பவைக்கும். டீபூட்ஸ்டிராப் கொண்டு பழைய டெபியன் பதிப்பையே அந்த அடைவுக்குள் விரித்துவிடலாம். கழற்ற வேண்டிய சரிபார்ப்புப் பூட்டையும் அதற்குள் மட்டும் கழற்றலாம், வெளியே ஏபிடி தன் விறைப்போடு இருக்கும். லைப்ரரிச் சண்டைக்கு இது அருமையான தீர்வு. பாதுகாப்புக்கு இல்லை: ரூட் அதிகாரமுள்ள நிரல் சிரூட்டிலிருந்து வெளியே வர முடியும் என்பது பழைய செய்தி. பிறகு, நிரலுக்குத் தனி உலகத்தைக் காட்டும் பெயர்வெளிகள் கர்னலுக்குள் வந்தன. 2013 தொடக்கத்தில் 3.8 பதிப்போடு பயனர் பெயர்வெளியும் உருப்பெற்றது. கன்டெய்னர் கட்டும் டாக்கர், பாட்மேன், ஃபிளாட்பேக் எல்லாம் இந்த அஸ்திவாரத்தின் மேல் நிற்பவை. இவற்றில் எனக்கு நெருக்கமானது ஃபிளாட்பேக்குக்கு அடியில் இருக்கும் பபுள்ராப். ஒரே கட்டளையில், பழைய லைப்ரரிகள் உள்ள அடைவைப் படிக்க மட்டும் கொடுக்கலாம், வேலைக்குரிய ஒரே ஓர் அடைவை எழுதக் கொடுக்கலாம், வலையைத் துண்டிக்கலாம், என் வீட்டு அடைவு இருப்பதே தெரியாமல் மறைக்கலாம். நிரல் எழுந்து சுற்றிப் பார்த்தால் அதன் காலத்து உலகமும் ஒரு மேசையும் மட்டுமே இருக்கும்.

கன்டெய்னர்களைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி விட்டுப்போவது அவை ஒண்டுக்குடித்தனம் என்பது. அறைகள் தனி, அடுப்பு தனி, கிணறு ஒன்று. எல்லாரும் ஒரே கர்னலில்தான் தண்ணீர் இறைக்கிறார்கள். 2016-ல் வெளிப்பட்ட டர்ட்டி கவ் பிழை கர்னலில் 2007-லிருந்தே இருந்தது. அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் அறைச்சுவரை இடிக்க வேண்டிய அவசியமே இல்லை. சந்தேகத்துக்குரிய கோப்புகளைத் திறக்க வேண்டிய பழைய நிரலுக்குத் தனி வீடே கொடுத்துவிட வேண்டும்: கியூஇஎம்யூவும் கேவிஎம்மும் சேர்ந்த மெய்நிகர் கணினி, அதற்குள் அந்தக் காலத்துக் கர்னல், வெளியுலகத்துக்கு ஒரே ஒரு பகிர்வு அடைவு. வரைகலை நிரல் என்றால் இன்னொரு தொல்லை. எக்ஸ்11 திரையில் ஒரு நிரல் மற்ற நிரல்களின் விசையழுத்தங்களை எட்டிப் பார்ப்பது எளிது. கன்டெய்னருக்குள் நிரலைப் பூட்டிவிட்டு, திரையை மட்டும் அப்படியே திறந்துவிடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். செஃபைர் போன்ற திரைக்குள் திரையில் ஓட்டினால் அது தன் சட்டகத்துக்குள் நிற்கும்.

கிணறு பொது என்பதால் இன்னொரு விபரீதமும் உண்டு. சென்ட்ஓஎஸ் 6 காலத்து கன்டெய்னரைப் புதிய லினக்ஸ் ஒன்றில் தொடங்கினால் சில வேளை ஒரு செய்தியும் இல்லாமல் அடங்கிவிடும். வெளியேறிய எண் 139. நூற்றிருபத்தெட்டோடு பதினொன்று, பதினொன்று என்றால் தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டுச் செத்தது. செத்தது நம் பழைய நிரல்கூட இல்லை, அதற்கு முன்பே உள்ளே எழுந்த பேஷ். காரணம் விசிஸ்கால் என்ற பழைய ஏற்பாடு. மணி என்ன என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் கர்னலுக்குள் போய்வருவது தாமதம் என்பதால், 64 பிட் லினக்ஸில் எல்லா நிரல்களின் நினைவகத்திலும் ஒரே நிலையான முகவரியில் ஒரு பக்கத்தை வைத்தார்கள். அங்கே தாவினால் நேரம் கிடைக்கும். 2.14-க்கு முந்தைய ஜிலிப்சி அந்த முகவரியை நம்பியே எழுதப்பட்டது. ஆனால் எல்லாக் கணினியிலும் மாறாத ஒரு முகவரி இருப்பது தாக்க வருபவருக்கும் வசதி. எனவே 2011-ல் 3.1 பதிப்பிலிருந்து அந்தப் பக்கம் வெறும் பாவனையாயிற்று. பிறகு சில விநியோகங்கள் அதை முழுதாகவே மூடின. நிரல்களை உடைக்கக் கூடாது என்ற விதியும் கதவுகளை மூடவேண்டும் என்ற விதியும் நேருக்கு நேர் மோதிய இடம் இது. கர்னலைத் தொடங்கும்போது பாவனையைத் திறந்துவை என்று ஒரு சொல் சேர்த்தால் 139 போய்விடும். அந்தச் சொல்லை அன்றாடக் கணினியில் சேர்ப்பதா, இதற்கென்று ஒரு மெய்நிகர் கணினியில் சேர்ப்பதா என்பதை அவரவர் தீர்மானிக்க வேண்டும். நான் இரண்டாவது கட்சி.

இது பொழுதுபோக்குக்காரர்களின் கவலை மட்டும் இல்லை. செர்னில் சிஎம்எஸ் ஆய்வுக்குழு 2010-ல் துகள் மோதல்களிலிருந்து சேகரித்த தரவின் ஒரு பகுதியை 2014 நவம்பரில் பொதுவெளியில் வைத்தது. தரவை மட்டும் வைத்திருந்தால் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அதைப் படிக்கும் மென்பொருள் அந்தக் காலத்து சயின்டிஃபிக் லினக்ஸில்தான் ஓடும். ஆகவே அந்தச் சூழலையே மெய்நிகர் கணினியாகக் கட்டிக் கூடவே கொடுத்தார்கள். பின்னால் கன்டெய்னர்களும் வந்தன. அவர்களுடைய வழிகாட்டிக் குறிப்புகளிலும் இந்த விசிஸ்கால் சொல்லைச் சேர்க்கும் யோசனை இருக்கிறது. விளையாட்டு விற்கும் ஸ்டீமும் அதே வேலையைத்தான் செய்கிறது: உபுண்டு 12.04 காலத்து லைப்ரரிகளை ஒரு பொட்டலமாகக் கட்டிப் பழைய லினக்ஸ் விளையாட்டுகளோடு கூடவே அனுப்புகிறது.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதிலாக நிரலைப் புதுக்காலத்துக்கு மாற்றி எழுதிவிடலாமே என்பார்கள். பைத்தானை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. இரண்டாம் பதிப்பை 2015-லேயே முடிப்பதாக இருந்து, ஊர் கேட்காததால் 2020 வரை நீட்டினார்கள். கடைசி வெளியீடு 2.7.18, அந்த வருடம் ஏப்ரலில். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-ல் பைத்தான் 2 இல்லவே இல்லை. பழைய நிரலைப் புதிய பைத்தானுக்கு மாற்றித்தர 2டு3 என்ற கருவி ஒன்று கூடவே வந்துகொண்டிருந்தது. 2024 அக்டோபரில் வந்த 3.13-ல் அந்தக் கருவியையே நீக்கிவிட்டார்கள்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இந்த மாற்றத்தில் ஒரு தனிப் பொறி உண்டு. தமிழ் என்ற சொல்லை யூடிஎஃப்-8 கோப்பில் எழுதி அதன் நீளம் என்ன என்று பைத்தான் 2-ஐக் கேட்டால் 15 என்னும். அது எண்ணுவது பைட்டுகளை. பைத்தான் 3 அதே கேள்விக்கு 5 என்னும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. படிக்கும் நமக்கு எழுத்து மூன்றுதான், அது இருவருக்கும் தெரியாது. என்னிடம் இருக்கும் பழைய நூலடைவு நிரல், தலைப்புகளை 60-க்கு வெட்டி அடுத்த புலத்தைத் தொடங்கும். பைத்தான் 2-ல் அந்த 60 என்பது பைட்டு. அதே வரியை மாற்றாமல் பைத்தான் 3-க்குக் கொடுத்தால் 60 குறியீடுகள், அதாவது தமிழில் 180 பைட்டு வரை போகும். பிழைச்செய்தி எதுவும் வராது. புலங்கள் மட்டும் சத்தமில்லாமல் நகர்ந்து, ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தலைப்பின் வால் கிடக்கும். இன்னொரு கூத்தும் உண்டு. தமிழ் எழுத்துக் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டு, வார்த்தை இடைவெளிக்கு ஒன்று. இடைவெளி வந்த தலைப்புகளில் 60-ஆவது பைட்டு பெரும்பாலும் ஒரு குறியின் நடுவில்தான் விழும். பழைய நிரல் கவலையில்லாமல் பாதியில் அறுத்து எழுதிவைத்திருக்கிறது. அப்படி அறுந்த கோப்புகளைப் பைத்தான் 3 படிக்கவே மறுக்கிறது. பைத்தான் 3-ன் கறார்தான் சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பழைய அடைவுகளைச் சேர்க்கவும் பிரிக்கவும் வேண்டியிருக்கும் வரை, 2.7.18-ஐ வலையில்லாத ஒரு பெட்டிக்குள் வைத்து, மூலக் கோப்புகளைப் படிக்க மட்டும் கொடுத்து ஓட்டுவதில் எனக்குக் கூச்சமில்லை.

சில வேளைகளில் பழைய நிரலை எழுப்பவே வேண்டாம். பழைய தமிழ்க் கோப்புகளோடு வருபவர்கள், அன்றைய எழுத்துருவும் செயலியும் கிடைத்தால்தான் படிக்க முடியும் என்று நினைக்கிறார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள், யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி குறியேற்றத்தில் வந்துகொண்டிருந்தன. ஆங்கிலத்துக்குக் கீழ்ப்பாதி, தமிழுக்கு மேல்பாதி என்று 8 பிட்டுக்குள் அடங்கியது அது. கொம்பு கண்ணுக்குத் தெரிகிறபடி மெய்க்கு முன்னால் நிற்கும். யூனிகோடில் அது பின்னால் வரவேண்டும். வெறும் எண்மாற்றத்தால் இது தீராது. இடம் மாற்றிப் போட வேண்டும். அந்த வேலையைச் செய்யும் மாற்றி ஜிலிப்சிக்குள்ளேயே இருக்கிறது. 2002-ல் புரூனோ ஹைபிள் எழுதியது. ஐகான்வி கட்டளையிடம் டிஸ்கியிலிருந்து யூடிஎஃப்-8-க்கு என்று சொன்னால் போதும். பாட்டுக் கரகரத்ததற்காக வசவு வாங்கிய அதே லைப்ரரி, தமிழ்நாட்டிலும் அயலிலும் சிலர் சில வருடம் பயன்படுத்திய ஒரு குறியேற்றத்தை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. பாமினி எழுத்துருவின் குறியேற்றத்துக்கு இந்த யோகம் கிடைக்கவில்லை. அதற்கு வேறு மாற்றிகளைத் தேட வேண்டும். எப்படியானாலும், பெட்டி கட்டத் தொடங்கும் முன் எனக்கு வேண்டியது நிரலா, அதற்குள் மாட்டிக்கொண்ட எழுத்தா என்று கேட்டுவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். எழுத்துத்தான் என்றால் நிரலை ஒரே ஒரு முறை எழுப்பி, எல்லாவற்றையும் வெளியே எடுத்துக்கொண்டு, அணைத்துவிடலாம்.

நிரலேதான் வேண்டும் என்பவர்களுக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. 2019 ஜூனில் 32 பிட் பேக்கேஜ்களை முழுதாகக் கைவிடப்போவதாக உபுண்டு அறிவித்தது. ஸ்டீம், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் ஒயின் ஆகிய தரப்புகளிலிருந்து கூச்சல் கிளம்பியதும், சில நாட்களிலேயே, தேர்ந்தெடுத்த சிலவற்றை வைத்துக்கொள்வதாகப் பின்வாங்கியது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 32 பிட் இன்டெலுக்குத் தனிக் கர்னலோ நிறுவியோ கிடையாது. 64 பிட் கணினியில் பழைய நிரல்களை ஓட்டத் துணையாக மட்டும் அந்தப் பேக்கேஜ்கள் இருக்கின்றன. ஆர்ம் போன்ற மற்ற 32 பிட் கட்டமைப்புகளில் நேரத்தை எண்ணும் அளவை 64 பிட்டாக அகலப்படுத்தினார்கள். இன்டெலில் வேண்டுமென்றே பழைய 32 பிட் எண்ணிக்கையை விட்டுவைத்தார்கள். அகலப்படுத்தினால் அந்தப் பழைய இருமங்களே ஓடாமல் போய்விடும், பிறகு அந்தப் பேக்கேஜ்களை வைத்திருப்பதில் பொருளில்லை என்பது வாதம். சரியான வாதம்தான். விலை, 2038 ஜனவரி 19. இந்திய நேரப்படி அன்று காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு அந்த எண்ணிக்கை நிரம்பி, அடுத்த நொடியில் 1901-க்குத் தாவும்.

அதற்கும் ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. லிப்ஃபேக்டைம் என்ற லைப்ரரி, மணி கேட்கும் நிரலை இடைமறித்து நாம் விரும்பிய தேதியைச் சொல்லும். மெய்நிகர் கணினி என்றால் கியூஇஎம்யூவிடமே கடிகாரத்தைப் பின்னுக்கு வைக்கச் சொல்லலாம். பிந்தையதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கணினிக்குள் எழுதிய கோப்புகள் 1999-ஆம் வருடத் தேதியோடு இருக்கும். தேதி மாறாமல் வெளியே நகலெடுத்தால், சமீபத்தில் மாறியவற்றை மட்டும் தேதி பார்த்துச் சேர்க்கும் பேக்கப் நிரல் அவற்றைத் தாண்டிப் போய்விடும். வெளியே எடுத்த கையோடு டச் கட்டளையால் இன்றைய தேதியைப் போட்டுவிடுவது நல்லது.